ஓடுனவன் வீடு

இந்தப் பைய மடியிலயே வச்சுக்கறேன் தம்பி, பரவால்ல. கீழ வச்சா யாராவது மிதிச்சிடுவாங்க. உள்ள பூரா பேப்பரு. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஒத்துக்காது.

நீங்க மிலிட்டரிதானே? முடி வெட்டியிருக்கறதப் பாத்தாலே தெரியுது. லீவு முடிஞ்சு திரும்பிப் போறீங்க. சரியா? முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். நடு ரோட்டுல கைய நீட்டி வண்டிய நிறுத்தி ஏறுவேன். ஏறின ரெண்டு நிமிஷத்துல, எவன்கிட்ட டிக்கெட் இல்லன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். கதை சொல்லுவாங்க தம்பி. கொழந்த கையில இருந்துச்சு, காத்துல பறந்துடுச்சு, இப்பதான் ஏறினேன். எனக்குக் கதை வேணாம். பேப்பர் இருக்கா, இல்லையா. இல்லன்னா எறங்கு. ஒரு புள்ளத்தாச்சிய எறக்கிவிட்டிருக்கேன், மாதனூர் தாண்டி, வெயில்ல. அவ இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருப்பா. திட்டட்டும்.

என் பேரு ஏகாம்பரம். ஊரு எல்லப்பநத்தம், குடியாத்தம் பக்கம். எங்க ஊர்ல வெள்ளக்காரன் காலத்துலருந்து வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க எத்தன ஏக்கர்னு கேக்கமாட்டாங்க, வீட்டுல யார் பட்டாளம்னு கேப்பாங்க. அந்த ஊர்ல எங்க வீட்டுக்கு ஒரு பேரு உண்டு. ஓடுனவன் வீடு. போஸ்ட்மேன் வந்து கேட்டாலும் அப்படித்தான் கை காட்டுவாங்க. 'ஓடுனவன் வீட்டு ஏகாம்பரமா? அந்த வேப்பமரத்துக்கு அடுத்தது.' எண்பது வருஷமா, தம்பி. மூணு தலைமுறை.

ஓடுனவன்னு சொல்றது எங்க தாத்தாவ. முனிரத்தினம். நாப்பத்திரண்டுல, சண்டை நடக்கறப்ப, வேலூருக்குப் போய்ப் பட்டாளத்துல சேந்தாரு. கூடவே சேந்தவரு அடுத்த வீட்டு அப்பாதுரை. ஒரே நாள், ஒரே வரிசை. தாத்தா நம்பர் கடைசியில நாப்பத்தாறு, அப்பாதுரை நாப்பத்தேழு. எங்க அப்பா அப்ப கைக்கொழந்த. ரெண்டு பேரையும் பெங்களூர் முகாமுக்குக் கொண்டு போனாங்க. நாலு வருஷம் கழிச்சு அப்பாதுரை மட்டும் வந்தாரு, ஹவில்தாரா, மெடலோட, பர்மாவுல குண்டு பட்ட காலோட. எங்க ஆயா போய், 'அவரு எங்க'னு கேட்டிருக்கு. 'கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே முகாம விட்டுப் போயிட்டான் தங்கச்சி'னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். அவரு ஆயாகிட்ட மட்டும்தான் சொன்னாராம். ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே. மறுநாளே நாங்க ஓடுனவன் வீடு.

எங்க அப்பா பஞ்சாயத்துல வாயத் திறந்தா, 'பேசி முடிக்கற வரைக்கும் ஓடிடாதப்பா'ம்பாங்க. சிரிப்பாங்க. அப்பாவும் சேந்து சிரிப்பாரு. எனக்கு அதான் பத்திக்கிட்டு வரும்.

அப்புறம் என் தங்கச்சி விஷயம். குணவதி. எண்பத்தாறுல அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு, பேரணாம்பட்டுலருந்து, பையன் பட்டாளத்துல. பொண்ணு பாத்து எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பா திரும்பிப் போறப்ப டீக்கடையில நின்னு, அப்பாதுரையோட மகன் தணிகாசலத்துகிட்ட விசாரிச்சிருக்காரு. அவரும் பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் இருந்து நாயக் பதவியோட வந்தவரு. ஊர் முறையில எனக்குச் சித்தப்பா ஆகணும். நான் அப்படிக் கூப்பிடறதில்ல. என்ன சொன்னாருங்கறீங்க? 'அவங்க தாத்தா பட்டாளத்துலருந்து ஓடுனவரு, அது உண்மை. ஆனா பொண்ணு நல்ல பொண்ணு, தாராளமா எடுக்கலாம்.' அந்த ரெண்டாவது வார்த்தைய எவன் காதுல வாங்குவான்? சம்பந்தம் நின்னுபோச்சு. குணவதி அதுக்கப்புறம் கல்யாணமே வேணாம்னுட்டா. பால்வாடியில டீச்சரா இருந்து ரிடையர் ஆயி, இப்ப என் வீட்டுலதான் இருக்கா. என் சம்சாரம் போயி ஏழு வருஷம் ஆச்சு, நானும் அவளும்தான்.

தொண்ணூத்தஞ்சுல ஊர்ல ஒரு கல்லு வச்சாங்க. சண்டை முடிஞ்சு அம்பது வருஷம் ஆச்சுன்னு, போனவங்க பேரெல்லாம் வெட்டி, பஸ் ஸ்டாப் பக்கத்துல. முப்பத்தொரு பேரு. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தணிகாசலம்தான் தலைவர். எங்க அப்பா அவரு வீட்டு வாசல்ல போய் நின்னு, 'எங்கப்பா பேரையும் போடுப்பா, சேந்ததாவது நெசம்தானே'ன்னு கேட்டாரு. அதுக்கு அவரு, 'பேப்பர் இருந்தா கொண்டாங்க அண்ணே. ஓடுனவங்க பேரு கல்லுல வராதுன்னு சங்கத்துல விதி எழுதியிருக்கோம், நான்தான் எழுதினேன்'னாரு. பேப்பர் கேக்கறதுக்கு ஒரு நேரம் காலம் இல்லையா தம்பி? வயசுல மூத்த மனுஷன் வாசல்ல நிக்கறாரு, அவர்கிட்ட போய்ப் பேப்பரா? அப்பா திரும்பி வந்தாரு. ஒம்பது வருஷம் கழிச்சுச் செத்துப்போனாரு. அந்த வாசல்லருந்து அவரு திரும்பி வந்த அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். பேப்பர்தானே. கொண்டாறேன். கொண்டாந்து உன் மூஞ்சியில அடிக்கறேன்.

வேலையில இருக்கறவரைக்கும் முடியல. ரிடையர் ஆன மறுமாசம் ஆரம்பிச்சேன். பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசுக்கு மனு போட்டேன். நம்பர் இல்லாம தேட முடியாதுன்னு பதில் வந்துச்சு. அப்பாவோட டிரங்குப் பெட்டிய கொட்டித் தேடினேன். ஒரு கார்டு கெடச்சுது, முகாமுலருந்து தாத்தா போட்டது. மேல நம்பர். 'நான் சுகம். பிள்ளைக்கு ஜுரம் விட்டதா எழுதவும். இங்கே குளிர் ஜாஸ்தி.' தாத்தாவுக்கு எழுத வராது, கீழ பெருவிரல் ரேகை. அதுக்குக் கீழ, 'எழுதியது அப்பாதுரை.' அந்த நம்பர வச்சு மறுபடி மனு. ஏழு மாசம் கழிச்சு ஒரே ஒரு தாள் நகல் வந்துச்சு. சேந்தப்ப எழுதின படிவத்தோட மொதல் தாள். பேரு, தகப்பன் பேரு, ஊரு, அஞ்சடி நாலரை அங்குலம், இடது முட்டிக்குக் கீழ தழும்பு. அந்தத் தழும்பப் படிச்சப்பதான் தம்பி, அப்படி ஒரு மனுஷன் இருந்தாருங்கறதே எனக்கு உறைச்சுது. எங்க வீட்டுல அவரு போட்டோ கூட கெடையாது.

அடுத்த தாளு இல்ல. சேவை எப்ப முடிஞ்சுது, ஏன் முடிஞ்சுதுன்னு எழுதறது அதுலதானாம். கரையான் அரிச்சுதோ தண்ணியில போச்சோ, யாருக்கும் தெரியல. நேர்லயே பெங்களூருக்குப் போனேன். இதே பஸ்ஸுலதான், ஆறு தடவ. அங்க பிரான்சிஸ்னு ஒரு கிளார்க், கோலார் தங்கவயல் தமிழரு. பொறுமையான ஆளு. 'தனி ஆளோட தாள் இல்லன்னா, கம்பெனி தினசரி ஆர்டர் புத்தகம்னு ஒண்ணு இருக்கும் சார், அன்னன்னைக்கு நடந்தத எழுதறது, அதுல பாக்கலாம்'னாரு. அனுமதி வாங்கி ரெண்டு பேரும் உக்காந்து மூணு நாள் பொரட்டினோம். தொட்டா உதிருது அந்தப் பேப்பரு, நடுநடுவுல பக்கமே இல்ல.

மூணாவது நாள் மத்தியானம் பிரான்சிஸ் விரல வச்சு நிறுத்தினாரு. 'சார், உங்க தாத்தா இல்ல. அதுக்கு அடுத்த நம்பர். நாப்பத்தேழு.'

என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'லான்ஸ் நாயக் அப்பாதுரை, அக்டோபர் பதினொண்ணு முதல் அனுமதியில்லாம முகாமுல இல்ல. அஞ்சு நாள் கழிச்சுத் திரும்பி வந்தான். இருபத்தெட்டு நாள் காவல். பதவிப் பட்டை பறிக்கப்பட்டது.'

அந்த ஹவில்தாரு. மெடல் மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்த அந்த ஆளு. அவருதான் ஓடுனவரு.

பிரான்சிஸ் பக்கத்தத் திருப்பி மேல படிச்சாரு. அடுத்த பக்கத்துல இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, அப்பாதுரை விசாரணையில சொன்னது. அவரு படிச்சு அர்த்தம் சொன்னாரு. நகல் போட்டுத் தர்றப்ப, ரெண்டாவது தாளுக்குப் பின்னால பென்சில்ல தமிழ்லயும் எழுதிக் கொடுத்தாரு. 'ரெண்டையும் சேத்தே வச்சுக்கங்க சார். ஒண்ண மட்டும் படிச்சா அர்த்தம் மாறிடும்'னாரு. நல்ல மனுஷன்தான், ஆனா ஆபீஸ் ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு எச்சரிக்கை. நான் மொதல் தாள மட்டும் லேமினேட் பண்ணேன். ரெண்டாவதுல இருக்கறது வெறும் வாய்ச்சொல்லு. குத்தவாளி சொல்ற கதை. நான் கேக்காத கதையா?

ஜனவரி இருபத்தாறு வரைக்கும் காத்திருந்தேன். ரெண்டு மாசம். யாருகிட்டயும் மூச்சு விடல. அன்னைக்குக் கல்லு முன்னாடி கொடியேத்துவாங்க. ஊரே வரும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரும், பழைய பட்டாளத்துக்காரங்க கோட்டு மாட்டிக்கிட்டு வருவாங்க. தணிகாசலம் கொடியேத்தி, கல்லுல இருக்கற பேரெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சாரு. அவங்க அப்பா பேரு வந்துச்சு. நான் கூட்டத்துலருந்து, 'நிறுத்துங்க'ன்னேன்.

'என்னப்பா ஏகாம்பரம்?'

'ஓடுனவங்க பேரு கல்லுல வராதுன்னு விதி இருக்குதுல்ல?'

'இருக்கு.'

'நீங்க எழுதின விதிதானே?'

'நான் எழுதினதுதான்.'

முன்னாடி போய் நின்னு சத்தமா படிச்சேன். ஆர்டர் புத்தகத்துல இருக்கறத அப்படியே, நம்பரோட, தேதியோட. பட்டை பறிக்கப்பட்டதுங்கறத ரெண்டு தடவ படிச்சேன். கொடிக்கயிறு கம்பத்துல அடிக்கற சத்தம் மட்டும்தான். அந்த மாதிரி ஒரு நிமிஷம் உங்க வாழ்க்கையில வருமான்னு தெரியாது. எனக்கு வந்துச்சு.

அவரு கைய நீட்டினாரு. கொடுத்தேன். கண்ணாடி போட்டு மெதுவா படிச்சாரு. எழுபத்தாறு வயசு, கோட்டுல வரிசையா மெடலு. வாதாடுவாரு, பொய்ப் பேப்பர்னு சொல்லுவாரு, நானும் பதிலுக்கு ஒவ்வொண்ணா எடுத்து விடலாம்னு பாத்தேன். அவரு, 'சீல் இருக்கு. பேப்பர் சரிதான்'னாரு. 'எங்கப்பா என்கிட்ட இதச் சொன்னதில்ல'ன்னாரு. அப்புறம் கோட்டுலருந்து சங்கத்து பேட்ஜ எடுத்துச் செயலாளர் கையில கொடுத்துட்டு நடந்து போயிட்டாரு.

அடுத்த வாரம் அவரே கல்தச்சனக் கூட்டியாந்து, அவங்கப்பா பேர இழைச்சு அழிக்கச் சொல்லிட்டாரு. பக்கத்துல நின்னு பாத்தாரு. நானும் போய்ப் பாத்தேன், விடுவேனா. இழைச்சு முடிஞ்சதும் என்கிட்ட திரும்பி, 'உங்க தாத்தா சேந்ததுக்குப் பேப்பர் இருக்கா'ன்னாரு. தழும்பு எழுதியிருந்த அந்தப் படிவத்தக் கொடுத்தேன். 'ஓடுனதுக்குப் பேப்பர் இல்லையே?' 'இல்ல'ன்னேன். 'அப்ப அவரு பேரு வரணும், எண்பது வருஷம் தாமதம்'னாரு. கல்தச்சன், கல்லுல வேற எடம் இல்லன்னான். இழைச்ச எடத்துலயே வெட்டச் சொல்லிட்டாரு. கோ. முனிரத்தினம். அப்பாதுரை இருந்த அதே குழியில.

அதுக்கப்புறம் மூணு மாசம் அந்த மனுஷன் வீட்ட விட்டு வெளிய வரல. டீக்கடைக்கு வரல, கோயிலுக்கு வரல. நான் காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அவரு வீட்டு வழியா நடந்து போவேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை ஒண்ணும் கெடையாது. சும்மா நடப்பேன். டீக்கடையில எவனோ, 'இப்ப அதுதாம்பா ஓடுனவன் வீடு'ன்னான். அவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்கறோம்னு குணவதி பீரோவ ஒழிச்சா. பேப்பர் விரிச்சிருந்ததுக்கு அடியில ரெண்டாவது தாளு இருந்துச்சு. எடுத்துப் பின்பக்கம் படிச்சுட்டா. நான் குளிச்சுட்டு வர்றேன், நடு வீட்டுல தாள கையில வச்சுக்கிட்டு நிக்கறா.

'அண்ணே, இது என்ன?'

'அது ஒண்ணுமில்ல. வை.'

அவ வைக்கல. என் எதுரயே சத்தமா படிச்சா. பால்வாடி டீச்சராச்சே, நிறுத்தி நிறுத்திப் படிப்பா. 'என்னோடு சேர்ந்த முனிரத்தினம், நாற்பத்தாறு, பத்தாம் தேதி முகாமை விட்டுப் போய்விட்டான். பிடிபட்டால் அவனுக்குப் பெரிய தண்டனை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆஜர் எடுப்பதற்குள் அழைத்து வந்துவிடலாம் என்று நான் அவன் பின்னால் போனேன். ஜோலார்பேட்டை ரயிலடியில் கண்டேன். ஒரு நாள் முழுக்கக் கூட உட்கார்ந்து சொன்னேன். வரமாட்டேன், ஊருக்கும் போகமாட்டேன் என்று வேறு ரயிலில் ஏறிவிட்டான். நானாகத் திரும்பி வந்து ஆஜரானேன். அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதற்கில்லை.'

படிச்சுட்டு, 'இது உனக்கு எப்பலருந்து தெரியும்'னா.

'அது அந்த ஆளு தப்பிக்கறதுக்குச் சொன்ன கதை. சாட்சி யாரு? எங்க தாத்தா ஓடுனாருன்னு ரிஜிஸ்டர்ல எங்கயாவது போட்டிருக்கா? அவரு தாளு காணோம். காணோம்னா குத்தம் நிரூபணம் ஆகலன்னு அர்த்தம்'னேன்.

'அப்பாதுரைத் தாத்தா பேர இழைச்சுட்டாங்களே அண்ணே'ன்னா.

'உனக்காகத்தான் பண்ணேன். உன் வாழ்க்கையக் கெடுத்தவன் அவன்'னேன்.

'எனக்காகன்னு சொல்லாத. நான் அந்த மாப்பிள்ளைய நினைச்சு முப்பது வருஷம் ஆச்சு. நீதான் நினைச்சுக்கிட்டிருக்க'ன்னா. செருப்பக் கூட மாட்டாம தாள எடுத்துக்கிட்டு நேரா தணிகாசலம் வீட்டுக்குப் போயிட்டா. என் கூடப் பொறந்தவ, தம்பி. என் சோறு தின்னுக்கிட்டு.

நான் வீட்டுலயே உக்காந்திருந்தேன். ஊரக் கூட்டுவாங்கன்னு தெரியும். அதே கல்லு முன்னாடி என்னை நிறுத்துவாங்க. அதுக்கும் பதில் தயார் பண்ணிக்கிட்டேன், ஒவ்வொரு கேள்விக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு அவ மட்டும் வந்தா. தாள என் முன்னாடி வச்சா.

'என்ன சொன்னான்?'

'படிச்சாரு. ரொம்ப நேரம் அழுதாரு. ஏகாம்பரத்துக்கு இது தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னேன். எங்கப்பா இத என்கிட்ட கூடச் சொல்லாம வச்சிருந்தாரும்மா, உங்க வீட்டுக்கு இதுக்கு மேல பேரு கெட வேணாம்னுதான் வச்சிருந்திருப்பாரு, அவரு சொல்லாதத நான் எப்படி ஊருக்குச் சொல்றதுன்னாரு. உங்க தாத்தா பேரு அங்கயே இருக்கட்டும்னாரு.'

அவ்வளவுதான். அன்னைக்குலருந்து குணவதி தனியா அடுப்பு வச்சுக்கிட்டா. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு. 'கல்லுல இருக்கறத நீயே போய்ச் சொல்லி எடு, அப்புறம் பேசறேன்'னுட்டா.

ஆனா அந்த ஆளு வெளிய வர ஆரம்பிச்சுட்டாரு தம்பி. மறுநாளே. டீக்கடைக்கு வர்றாரு. சிரிக்கறாரு. காலையில கல்லுகிட்ட போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போறாரு. ஊர் ஜனங்க இன்னும் அவங்கப்பாவ ஓடுனவர்னுதான் பேசறாங்க, அவரு காதுபடவே பேசறாங்க. அவருக்கு அது ஏறவே இல்ல. என்னைப் பாத்தா, 'சாப்பிட்டியாப்பா'ங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்?

போன வாரம் பால் சொசைட்டி வாசல்ல மறிச்சேன். 'நீங்க ஏன் ஊர்ல சொல்லல'ன்னேன்.

'எத?'

'ரெண்டாவது தாள. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க. கூட்டத்தக் கூட்டுங்க. நான் பதில் சொல்றேன்.'

அவரு பால் கேன கீழ வச்சாரு. 'தொண்ணூத்தஞ்சுல உங்கப்பா என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. பேப்பர் கொண்டாங்கன்னு அனுப்பிட்டேன். எங்கப்பா இருந்திருந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருப்பாருன்னு இப்பதான் தெரியுது. அத நினைச்சாத்தான்பா எனக்கு வெக்கமா இருக்கு. நீ பண்ணது கூட இல்ல'ன்னாரு. என் தோள்ல கைய வச்சாரு. 'வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ'ன்னாரு.

கையத் தட்டிவிட்டேன். மன்னிக்கறாராம். எவன் கேட்டான்? ஒரு வார்த்த என்னைத் திட்டியிருந்தா, ஒரு அடி அடிச்சிருந்தா, கணக்கு சரியாயிருக்கும், நானும் வீட்டுல நிம்மதியா படுத்திருப்பேன். இது என்ன, ஜெயிச்சவன் நானு, பெரிய மனுஷன் அவனா?

அதனாலதான் இன்னைக்குக் கெளம்பினேன். தாத்தா விஷயமா இல்ல, அது முடிஞ்சுது. தணிகாசலத்தோட ஃபைல எடுக்கணும். எழுவத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையப்பவும் பட்டாளத்துல இருந்திருக்காரு, வடக்க எங்கெங்கயோ. பிரான்சிஸுக்குப் போன் போட்டேன், 'வேணாம் சார், விட்டுடுங்க'ன்னு வச்சுட்டாரு. அவரு இல்லன்னா வேற ஆளு. நீங்க பட்டாளத்துல இருக்கறவரு, உங்களுக்கு அங்க யாரையாவது தெரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருஷம் தம்பி. பதினஞ்சு வருஷத்துல ஒரு மனுஷன் ஒரு தப்பு கூடவா பண்ணாம இருந்திருப்பான்? நீங்களே சொல்லுங்க.